பத்திரம் வரட்டும் முன்னே, பர்மிட் வரட்டும் பின்னே!



அண்மையில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். பழைய ஆட்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 2007-ல் ஊரின் பேர் மாறியது. நம் ஜனங்களின் வாயில் மாறவில்லை. பந்தியில் நமக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலை பிட்டர் உட்கார்ந்திருந்தார். சாம்பார் ஊற்றி முடியும்வரை காத்திருந்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"அய்யா, பெரியவன் வெளிநாடு போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஏஜெண்டு பன்னிரண்டாயிரம் வெள்ளி கேக்குறான். மூணே மாசத்துல இங்கிலாந்து பர்மிட் கைக்கு வந்துருமாம். அவங்க அம்மா தாலிக்கொடியை அடகு வெச்சாவது குடுத்துருவோம்ங்கிறா. குடுக்கலாங்களா?"

நாம் அவரிடம் மூன்று கேள்விகள்தான் கேட்டோம்.

"பையன் கையில என்ன தொழில் சான்றிதழ் இருக்கு?"

"சான்றிதழ்னு ஒண்ணுமில்லீங்க. நாலு வருஷமா ஒர்க்ஷாப்ல வெல்டிங் வேலை. கை சுத்தமான வேலைங்க."

"எந்தக் கம்பெனி கூப்பிடுது?"

"அது ஏஜெண்டுக்குத்தாங்க தெரியும்."

"பிறப்புப் பத்திரம், ஐ.சி. எல்லாம் சரியா இருக்கா?"

"பத்திரத்துல என் பேரு ஒரு மாதிரி, அவன் ஐ.சி.யில ஒரு மாதிரி எழுதியிருக்குங்க. அதைப் பார்த்துக்கலாம்னு ஏஜெண்டு சொல்லிட்டான்."

மூன்று கேள்விக்கும் உருப்படியான பதில் இல்லை. பணம் மட்டும் தயாராகிக் கொண்டிருக்கிறது! இது அந்த ஒரு வீட்டுக் கதை என்று நாம் நினைக்கவில்லை. கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் தொடங்கி, உலு சிலாங்கூரில் ராசா, கெர்லிங், காலும்பாங் வரைக்கும் நம் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாட்டுக் கனவோடுதான் இருக்கிறார்கள். போகட்டும். போவதை நாம் குறை சொல்லவில்லை. போகிற வழியைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

தாத்தா வந்ததும் முதலாளி கையெழுத்தில்தான்

வெளிநாட்டு முதலாளி ஒருவர் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்தின் பலத்தில் ஆள் கடல் கடப்பது நமக்குப் புது விஷயமா? நம் முன்னோர் மலாயாவுக்கு வந்ததே அப்படித்தானே!

தோட்டத்துத் துரை கங்காணியிடம் லைசென்ஸைக் கொடுத்து, "உன் ஊரில் போய் ஆள் பிடித்து வா" என்று அனுப்பினார். கங்காணி தன் கிராமத்துக்குப் போய் உறவுக்காரன், தெருக்காரன் என்று சேர்த்தார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்துக் கப்பலேற்றினார்கள். 1907-ல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. 1938-ல் இந்திய அரசாங்கம் இந்த ஆள் சேர்ப்புக்குத் தடை போட்டது.

கப்பலுக்குக் காசு கேட்கவில்லை என்றாலும், வந்தவரின் கையில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. வேலை துரையுடையது. வீடு துரையுடையது. செக்ரோலில் பேர் இருந்தால் சோறு. பேர் அடிபட்டால் நடுத்தெரு. பால்மரம் வெட்டுவதில் அவருக்கு இருந்த கைத்திறமைக்கு எங்கேயும் ஒரு சீட்டு கிடையாது. 1917-ல் இந்நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை பயிரிட்ட தென்னமரம் தோட்டம் நம் கோலசிலாங்கூரில்தான் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொழிலை நம் ஜனங்கள் வளர்த்தார்கள். ஆனால் 'இவர் தொழில் தெரிந்தவர்' என்று சொல்லும் காகிதம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

1969 சொன்ன பாடம்

காகிதம் இல்லாததற்கு நாம் கொடுத்த விலையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1957 ஆகஸ்ட் 31-ல் சுதந்திரம் வந்தது. இங்கே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வு வேண்டாம் என்ற சலுகையும் இருந்தது. மனுச் செய்தவர்கள் செய்தார்கள். செய்யாதவர்கள் நிறையப் பேர். "நமக்கென்ன, சிவப்பு ஐ.சி. இருக்கே, அது போதாதா?" என்றார்கள். "நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குத்தானே போகப்போறோம்" என்றார்கள். பிறந்ததற்கு ஆதாரம் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. பாரத்தை எழுதித் தரக் கிராணியைத் தேடி அலைந்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்களும் உண்டு.

பிறகு 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்றது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது கண்டிப்பாக அமலுக்கு வந்தபோது, இருபது முப்பது வருஷம் அதே மரத்தை வெட்டியவர் திடீரென்று 'அந்நியத் தொழிலாளி' ஆனார். சுமார் 60,000 இந்தியர் அக்காலத்தில் நாட்டை விட்டுப் போனதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ரஜூலா கப்பலில் ஏறிப் போனவர்களைத் துறைமுகத்தில் கட்டிப்பிடித்து அழுத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த உறவு பிரிந்ததுதான்.

அவர்களிடம் உழைப்புக் குறைவா? கிடையாது. காகிதத்தைக் காலத்தில் சேர்த்து வைக்கவில்லை. பர்மிட் என்ற பேச்சு வந்த பிறகு ஓடினார்கள். அதற்குள் வாசல் அடைபட்டுவிட்டது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு நம் பேரப்பிள்ளைகள் அதே தவற்றை வேறு நாட்டு வாசலில் போய்ச் செய்யலாமா என்பதுதான் நம் கேள்வி.

பர்மிட் யாருடையது?

இன்றைக்கு இங்கிலாந்தானாலும், ஆஸ்திரேலியாவானாலும், நியூசிலாந்தானாலும், சிங்கப்பூரானாலும், தொழில் விசாவின் அடிப்படை ஒன்றுதான். முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் முதலாளி.

இங்கிலாந்தில் அரசாங்க லைசென்ஸ் பெற்ற முதலாளிதான் வெளியாளை எடுக்க முடியும். அவர் தரும் ஸ்பான்சர் சான்று எண் இல்லாமல் விசாவுக்கு மனுச் செய்யவே முடியாது. லைசென்ஸ் பெற்ற முதலாளிகளின் பட்டியலை அந்த அரசாங்கமே காசு வாங்காமல் வெளியிடுகிறது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் பையனும் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் மூன்று படி: முதலாளிக்கு அனுமதி, அந்த வேலைக்கு நியமனம், அதன் பிறகு தொழிலாளியின் விசா. நியூசிலாந்திலும் 2022 முதல் இதே மாதிரி மூன்று படிதான். சிங்கப்பூரில் மனுவைப் போடுவதே முதலாளியோ அவர் அமர்த்திய ஏஜென்சியோதான். முன் அனுமதிக் கடிதம் வரும்போது அதில் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும்.

ஆகவே, "முதலாளி யாருன்னு அப்புறம் சொல்றேன்" என்கிற ஏஜெண்டு விற்பது பர்மிட் அல்ல, காற்று!

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாளியின் பேரில் வந்த பர்மிட் முதலாளியோடு போய்விடும். இங்கிலாந்தில் வேலை நின்றால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் ஒரே தடவையில் 180 நாள் வரை அவகாசம் உண்டு. துரை கோபித்தால் லயத்தைக் காலி பண்ணிய தாத்தாவின் நிலைமைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

சட்டமும் சொல்லிக்கொண்டு மாறுவதில்லை. இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 2025 ஜூலை 22-ல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றே பொதுவான சம்பள வரம்பை ஆண்டுக்கு 41,700 பவுண்டாக ஏற்றினார்கள். வேலையும் பெரும்பாலும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். சில தொழில்களுக்கு மட்டும் தற்காலிக விலக்கு. சான்றிதழ் இல்லாத வெல்டருக்கு மூன்று மாதத்தில் இங்கிலாந்து பர்மிட் என்றால் அது நடக்கிற காரியமா? சிங்கப்பூர் எஸ் பாஸுக்கும் 2025 செப்டம்பரிலிருந்து புதிய மனுக்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. வயது கூடினால் அதுவும் கூடும்.

எனவே நாம் சொல்வது இதுதான். பர்மிட் முதலாளியுடையது. விதிமுறை அந்த நாட்டு அரசாங்கத்துடையது. இரண்டும் நம் கையில் இல்லை. நம் பிள்ளையுடையது என்று சொல்லக்கூடியவை அவன் பேரில் உள்ள பத்திரங்களும் தொழில் சான்றிதழும்தான். அவற்றை முதலில் சேர்த்துவிட்டால், ஒரு நாட்டுக் கதவு அடைத்தாலும் இன்னொரு கதவைத் தட்டலாம். எந்தக் கதவும் திறக்காவிட்டாலும் ரவாங்கிலோ கிள்ளானிலோ நல்ல சம்பளத்தில் உட்காரலாம். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் அப்படித் திரும்பி வருமா?

எதை எப்போது செய்வது?

முதலில், பிறப்புப் பத்திரம். இது பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே முடிய வேண்டிய வேலை. தீபகற்பத்தில் பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தாமல் கல்யாணத்தையும் பதிவு செய்யுங்கள். 1982 மார்ச்சிலிருந்து அது சட்டம். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது. தாயிடம் நீல ஐ.சி. இல்லையென்றால் பிள்ளை நாடற்றவனாக நிற்கக்கூடும். அவனுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை, பிறகெங்கே பர்மிட்?

பேர் எழுத்துப் பிழையும் அப்படித்தான். 'முனியாண்டி' பத்திரத்தில் ஒரு விதம், ஐ.சி.யில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு விதம். இங்கே யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டு அதிகாரி கேட்பார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்கப் போகும்போதே தேசியப் பதிவிலாகாவில் பேசிச் சரிசெய்யுங்கள். விமான டிக்கெட் வாங்கிய பிறகு அல்ல.

இரண்டாவது, எஸ்.பி.எம். பாதியில் நின்றுவிட்டுப் பழக்குலை பொறுக்கப் போன பையனுக்கு, பிற்காலத்தில் அந்த ஒரு சான்றிதழ் இல்லாததே தடைக்கல். மலாய்மொழியும் சரித்திரமும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. ஆங்கிலத்தையும் விட்டுவிடக் கூடாது. இந்த நாடுகளில் பலவற்றின் தொழில் விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு.

மூன்றாவது, தொழில் சான்றிதழ். திறன் மேம்பாட்டு இலாகா வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்று நிலைகள் கொண்டது. அதற்கு மேல் டிப்ளோமா நிலைகள் இரண்டு. படித்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஆண்டுக்கணக்கில் வேலை செய்து பழகியவர், தம் வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் நிரூபித்தும் வாங்கலாம். இதற்குப் பி.பி.டி. முறை என்று பேர். ஒர்க்ஷாப் வெல்டருக்கும், டிராக்டர் மெக்கானிக்குக்கும் இது பெரிய வரப்பிரசாதம். ஆலையில் பாய்லர் பார்ப்பவருக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் தகுதிச் சான்றிதழ் உண்டு. மின்சார வேலைக்காரருக்கு எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் சான்றிதழ் உண்டு. படிப்பைத் தொடர்கிற பிள்ளைக்கு வடசிலாங்கூரிலேயே இடம் இல்லாமலில்லை. சபாக் பெர்ணம் வட்டாரத்தில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது; பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது.

மலேசியச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. அந்தந்த நாடு தன் அளவுகோலால் மறுபடி சோதிக்கும். ஆஸ்திரேலியாவில் பல கைத்தொழில்களுக்கு அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லாதவரை எந்த அளவுகோலால் சோதிப்பார்கள்?

நான்காவது, வேலை செய்த ஆதாரம். இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். தோட்டத்தை விட்டு நிற்கும்போது நிர்வாகத்திடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, என்ன வேலை, எந்த மிஷின் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டை அடுப்பெரிக்கப் போடாதீர்கள். சேமநிதிக் கணக்கு அறிக்கையில் எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினார் என்பது பதிவாகியிருக்கும், அதுவும் ஆதாரம்தான். சேமநிதி கட்டாத கான்டிராக்டரிடம் பத்து வருஷம் உழைத்தால் அந்தப் பத்து வருஷமும் காகிதத்தில் இல்லை. சேமநிதி வெட்டச் சொல்லி வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

ஐந்தாவது, சீக்கிரம் காலாவதியாகும் காகிதங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் முடிவு இரண்டு வருஷம்தான் செல்லும். இங்கிலாந்துக்கு நீண்ட காலம் போகும் மலேசியர் காட்ட வேண்டிய காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். ஸ்பான்சர் சான்று எண்ணை மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இவற்றை முன்கூட்டி எடுத்துக் காசை வீணாக்காதீர்கள். வேலை உறுதியாகும் தறுவாயில் எடுத்தால் போதும். ஆயுளுக்கும் செல்லுபடியாகும் பத்திரங்களை முன்னதாகவும், காலாவதியாகும் பத்திரங்களைக் கடைசியாகவும் சேர்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஏஜெண்டின் மூன்று வாக்கு

"இப்ப டூரிஸ்ட்டாப் போ, அங்க போய் பர்மிட் மாத்திக்கலாம்." இது முதல் பொய். மலேசியர் இங்கிலாந்துக்குச் சுற்றிப்பார்க்க விசா இல்லாமலே போகலாம். 2025 ஜனவரி முதல் இணையவழி முன் அனுமதி மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் அப்படிப் போனவர் அங்கே வேலை செய்யக் கூடாது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பழம் பறிக்க இப்படிப் போய், சம்பளமும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் ஒளிந்து வாழ்ந்த மலேசியர் கதைகளைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம்.

"ஸ்பான்சர் செலவு உன்னோடது." இது இரண்டாவது. இங்கிலாந்தில் முதலாளி கட்ட வேண்டிய திறன் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் செய்வதற்குப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பரிலிருந்து சட்டவிரோதம். விசாக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை நம் செலவாக இருக்கலாம். முதலாளியின் கையெழுத்துக்கு விலை கிடையாது.

"கம்போடியா, மியன்மார், லாவோஸ்; கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்." இது மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது. 2022-லிருந்து இப்படிப் போன மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, அடிபட்டு, மீட்கப்பட்டு வந்ததை நாடே அறியும். அவர்களுக்குக் கிடைத்தது பர்மிட் அல்ல, கம்பிவேலி.

இந்நாட்டில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலை ஏஜென்சிச் சட்டப்படி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். தொழிலாளர் இலாகாவில் விசாரியுங்கள். காட்ட மறுப்பவன் வீட்டு வாசற்படியை மறுபடி மிதிக்காதீர்கள்.

பொறுப்பு யாருக்கு?

"காலையில் பிரட்டுக்கு ஓடுறதுக்கே நேரம் சரியா இருக்கு. இதையெல்லாம் யாருய்யா பார்க்கிறது?" என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். குடும்பம் தனியாகச் செய்யக்கூடிய வேலையில்லை இது.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், சம்பளப் பேச்சுவார்த்தையோடு, உறுப்பினரின் பிள்ளைகளுக்குப் பி.பி.டி. மனு எழுதவும் ஏற்பாடு செய்யலாம். தோட்டக் கோயில் நிர்வாகம் திருவிழா வரவுசெலவில் ஒரு பங்கை ஒதுக்கி, வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கொரு நாள், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்து வரச் சொல்லிப் பேர்ப் பிழை பார்க்கலாம். ஆலை நிர்வாகமோ, தான் வேலை வாங்கும் ஆளுக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால் ஓடிவிடுவான் என்று பயப்படுகிறது. சான்றிதழ் உள்ளவனுக்கு அதற்கேற்ற சம்பளத்தைக் கொடுத்தால் ஏன் ஓடப்போகிறான்?

"பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி சொல்கிறீர்களே, இந்த நாட்டிலேயே வாழ வழி கேட்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதை நாம் இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே இருக்கவும் அங்கே போகவும் தேவைப்படுவது அதே பத்திரம், அதே சான்றிதழ் என்பதுதான் நம் வாதம்.

அந்தப் பிட்டரிடம் நாம் சொல்லி வந்ததையே உங்களிடமும் சொல்கிறோம். தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும். ஏஜெண்டுக்குக் கொடுக்க நினைத்ததில் சிறு பங்கை எடுத்து, பையனின் பேர்ப் பிழையைத் திருத்துங்கள். நாலு வருஷ வேலைக்குக் கடிதம் வாங்குங்கள். எஸ்.கே.எம். எடுக்க வையுங்கள். மாலையில் ஆங்கிலம் படிக்கட்டும். இரண்டு மூன்று வருஷம் ஆகும்தான். அதன் பிறகு அவன் முதலாளியைத் தேடி நேரடியாக எழுதலாம்.

அவர் இலையை மடித்துவிட்டு யோசனையோடு எழுந்தார். "வர்ற திங்கக்கிழமை லீவு போட்டுட்டு, மொதல்ல பதிவிலாகாவுக்குப் போறேங்க" என்றார்.

திங்கட்கிழமை நமக்கும் வரும், பெருமக்களே! வீட்டுப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பேர் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.